எஃப் எண்ணின் சான்றுமதிப்பு: மேனுவல் லென்ஸ் படங்களின் எக்ஸிஃப் பதிவை முன்வைத்து

புதுச்சேரி, தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓடும் ஒரு பட்டறையை ஓர் ஆய்வாளர் பழைய 28 மி.மீ. மேனுவல் லென்ஸால் படமெடுக்கிறார் என்று கொள்வோம். கேமரா நிக்கான் டி700. முந்தைய நாள் பயன்படுத்திய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் விவரம் மெனுவில் அப்படியே கிடக்கிறது. இப்போது மாட்டியிருக்கும் லென்ஸின் முழுத்திறப்பு எஃப்/2.8, வளையம் நிற்பது எஃப்/8இல். படக்கோப்பில் கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் குறிப்பில் பதிவாவதோ ஏறத்தாழ எஃப்/5, குவியத்தூரம் 50 மி.மீ.

காரணம் எளியது. 1977இல் நிக்கான் கொண்டுவந்த ஏஐ அமைப்பில், லென்ஸ் வளையம் முழுத்திறப்பிலிருந்து எத்தனை ஸ்டாப் மூடப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே கேமராவுக்குத் தெரிவிக்கும். மூன்று ஸ்டாப். எதிலிருந்து மூன்று என்பதற்கு மெனுவில் ஏற்றிய எண்ணே ஆதாரம். மைய அழுத்த ஒளியளவீட்டுக்கு அந்த வித்தியாசமே போதும். படத்தின் வெளிச்சம் பிசகாது. என் கவலை இங்கேதான். படம் சரியாக இருப்பதால், குறிப்பு தவறு என்று எவருக்கும் தோன்றாது. அந்த எஃப்/5ஐ நம்பிப் பட்டறையின் வெளிச்சத்தைக் கணக்கிடுபவருக்கு, உண்மையில் இருந்ததில் ஐந்தில் இரண்டு பங்குதான் கிடைக்கும். தொழிலாளர்கள் எந்த வெளிச்சத்தில் கண்ணை வருத்தி வேலை செய்தார்கள் என்று கேட்கும் ஆய்வுக்கு இது சிறு பிழை அன்று.

லைக்கா எம்8 (2006) வேறு வழியில் போனது. அதன் லென்ஸிலுள்ள ஆறு பிட் குறியீடு எந்த லென்ஸ் என்று சொல்லும். எந்த எஃப் எண் என்று சொல்லாது. ஆகவே முகப்பிலுள்ள சிறு உணரி வெளி வெளிச்சத்தை அளக்க, லென்ஸ் வழியே வந்த ஒளியோடு அதை ஒப்பிட்டுக் கேமரா எஃப் எண்ணை ஊகிக்கிறது. அதே பட்டறையில் 90 மி.மீ. லென்ஸ் இருண்ட இயந்திரத்தை நோக்க, உணரியின் பார்வையில் வெயிலடிக்கும் வாசலும் விழுந்தால் ஊகம் குலைந்துவிடும். இயந்திரத்தின் ஒளி உணரி கண்ட ஒளியில் கால்பங்கு என்றால் எஃப்/2.8, எஃப்/5.6 ஆகப் பதிவாகும்.

பழைய லென்ஸை வேறு கேமராவில் மாட்ட உதவும், சிப் வைத்த சில அடாப்டர்கள் வளையம் எங்கே நின்றாலும் ஒரே எண்ணைச் சொல்லும். சிப் இல்லாவிட்டால் பல கேமராக்கள் 0 என்று எழுதும். குவியத்தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்து வருவது எஃப் எண். எந்த லென்ஸிலும் அது 0 ஆகாது. ஆகவே அந்தச் சுழியம் தன் அறியாமையைத் தானே காட்டிக்கொடுக்கிறது. நம்பும்படி நிற்கும் எஃப்/5ஐவிட அதையே நான் மதிக்கிறேன்.

1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படக் காப்பகத்தில் கோயில்களின் ஃபிலிம் நெகட்டிவ்கள் ஏராளம். நெகட்டிவில் எஃப் எண் தானாகப் பதிவதில்லை. எடுத்தவர் குறித்து வைத்தால் உண்டு. எக்ஸிஃப் தரம் 1995இல் வந்தபின் எஃப் எண்ணுக்கான கட்டத்தைக் கேமராவே நிரப்புகிறது. கண்டு எழுதியதா, ஊகித்ததா என்ற வேறுபாடு அதில் மறைந்துபோகிறது. கல்வெட்டைப் பதிப்பிப்பவர் ஐயமான எழுத்தைப் பகர அடைப்பில் இட்டுத்தான் அச்சுக்குத் தருகிறார். ஒளிப்படக் காப்பாளருக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும்.

எஃப் எண்ணைப் பின்னர் மென்பொருளால் திருத்தலாமே என்பார்கள். திருத்தலாம், ஆனால் பழைய எண்ணை அழித்து அதன்மேல் எழுதினால் கேமரா சொன்னது எது, மனிதர் சொன்னது எது என்று பிரிக்க வழியில்லை. மூல எண்ணை விட்டுவைத்து, பக்கத்தில் அதன் பிறப்பைக் குறிக்க வேண்டும்: வளையத்தில் பார்த்தது, மெனுவில் ஏற்றியது, கேமரா ஊகித்தது, சிப் சொன்னது. களத்தில் இருப்பவர் படமெடுத்த கையோடு வளையத்தையும் கைபேசியில் ஒருமுறை எடுத்து வைத்தால், முதல் வகைக்குச் சான்று கிடைத்துவிடும்.