விற்காத பழமும் ருசியில்லாத சாராயமும்

உயரமான ஒரு கண்ணாடி டம்ளர். விளிம்பு வரைக்கும் ஐஸ். 45 மில்லி வோட்கா, அதைப்போல இரண்டு அல்லது மூன்று பங்கு கிரான்பெரி ஜூஸ், கால் மூடி எலுமிச்சை. அவ்வளவுதான். அமெரிக்காவில் இதற்குக் 'கேப் காடர்' என்று பெயர். பெயர் தெரியாதவர்கள் வெறுமனே 'வோட்கா கிரான்பெரி' என்று கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.

பெரும்பாலான காக்டெயில்களுக்கு ஒரு பிறப்புக் கதை இருக்கும். ஏதோ ஒரு பழைய பார், அங்கே கைதேர்ந்த ஒரு ஊழியர், அவர் ஒரு ராத்திரி எதையோ எதனோடோ கலந்து பார்த்தார் என்று போகும். இந்தக் கலவைக்கு அப்படி எதுவும் கிடையாது. இதை உருவாக்கியது விவசாயிகளின் ஒரு கூட்டுறவு சங்கம்! காரணமும் ரொம்ப சாதாரணமானது. பழம் விளைந்தது, விற்கவில்லை.

முதலில் பழத்தைப் பார்த்துவிடலாம். கிரான்பெரி வட அமெரிக்காவுக்கே உரிய ஒரு சிறு கொடி. சதுப்பு நிலத்தில் தரையோடு படரும். அங்கிருந்த பூர்வகுடி மக்கள் இதைக் காய்ந்த இறைச்சியோடும் கொழுப்போடும் இடித்துப் பெமிக்கன் என்ற கெடாத உணவு செய்து வைத்துக்கொண்டார்கள். பயிராக வளர்க்கத் தொடங்கியது 1816-ஆம் ஆண்டு வாக்கில். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கடலுக்குள் முழங்கையை மடக்கியதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கேப் காட் என்ற நிலப்பகுதியில், டென்னிஸ் என்ற ஊரில், ஹென்றி ஹால் என்ற பழைய போர்வீரர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். காற்றடித்து மணல் மூடிய இடங்களில் கொடி செத்துப்போகாமல் இன்னும் நன்றாகக் காய்த்தது. அவரே மணலைக் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தார். கிரான்பெரி தோட்டக்காரர்கள் இன்றைக்கும் சில வருடங்களுக்கு ஒருமுறை கொடிமேல் மணல் பரப்புகிறார்கள்.

இந்தப் பழத்தில் இரண்டு சிக்கல். ஒன்று, தாங்கமுடியாத புளிப்பு. கூடவே பாக்கு மென்றதுபோல் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு. அப்படியே வாயில் போட்டுத் தின்கிறவர்கள் குறைவு. இரண்டாவது சிக்கல் வியாபாரம் சம்பந்தப்பட்டது. அமெரிக்கர்கள் இதை நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கும், அடுத்து கிறிஸ்துமஸுக்கும் வாங்குவார்கள். வான்கோழிக்குத் தொட்டுக்கொள்ள சாஸ். அதோடு சரி. பொங்கல் முடிந்த மறுநாள் கரும்புக்கட்டு வைத்திருக்கும் வியாபாரியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள், ஜனவரியில் கிரான்பெரி விவசாயியின் நிலைமை அதுதான்.

மார்கஸ் யுரான் என்ற வழக்கறிஞர் இதற்கு ஒரு வழி பார்த்தார். அவரும் கிரான்பெரி தோட்டம் வைத்திருந்தவர்தான். 1912-இல் பழத்தைச் சாஸாக்கி டின்னில் அடைத்து 'ஓஷன் ஸ்ப்ரே' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். அடிபட்ட பழமும் காசானது, வருடம் முழுக்கவும் விற்க முடிந்தது. 1930-இல் ஜான் மேக்பீஸ், நியூ ஜெர்சியைச் சேர்ந்த எலிசபெத் லீ என்ற இரண்டு போட்டியாளர்களோடு சேர்ந்து 'கிரான்பெரி கேனர்ஸ்' என்ற கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்தினார். நம்மூர்ப் பால் கூட்டுறவு சங்கம் மாதிரிதான். விளைவிக்கிறவர்களே முதலாளிகள். மூன்று போட்டியாளர்கள் ஒன்றாகச் சேர்ந்து சந்தையைக் கையில் எடுத்தால் அமெரிக்காவில் ஏகபோகத் தடைச் சட்டம் பாயும். ஆனால் 1922-இல் வந்த கேப்பர்-வோல்ஸ்டெட் சட்டம் விவசாயிகள் கூட்டாக விற்பதற்கு விலக்குக் கொடுத்திருந்தது. கூட்டுறவு என்ற வடிவம் அங்கே லட்சியத்தால் மட்டும் வந்ததல்ல, சட்டத்தில் அந்தக் கதவு ஒன்றுதான் திறந்திருந்தது! (யுரான் வழக்கறிஞர் என்பதை மறந்துவிடக் கூடாது.)

இந்த அமைப்பு 1930களின் தொடக்கத்திலேயே 'கிரான்பெரி ஜூஸ் காக்டெயில்' என்று ஒன்றை விற்கத் தொடங்கியது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, அதில் சொட்டு மது கிடையாது. பழச்சாற்றில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்தது, அவ்வளவுதான். சுத்தமான சாற்றை யாராலும் குடிக்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு.

இனி வோட்காவுக்கு வருவோம். அதன் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்கர்களுக்கு விஸ்கி தெரியும், ஜின் தெரியும், ரம் தெரியும். வோட்கா தெரியாது. 1930களில் ருடால்ஃப் குனெட் என்பவர் ஸ்மிர்னாஃப் பெயரை உபயோகிக்கும் உரிமையை வாங்கி, கனெக்டிகட் மாநிலத்தில் பெத்தல் என்ற ஊரில் தொழிற்சாலை போட்டார். ஓடவில்லை. 1939-இல் ஹியூப்ளைன் என்ற கம்பெனியின் ஜான் மார்ட்டின் அதை 14,000 டாலரோடு ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு பங்கு என்ற பேச்சில் வாங்கினார். மதுவிலக்குக் காலத்தில் ஏ-1 என்ற இறைச்சி சாஸை விற்று உயிர் பிழைத்திருந்த கம்பெனி அது.

வோட்காவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ருசியும் இல்லை. அதையே பலமாக மாற்றிக் காட்டியதுதான் மார்ட்டினின் கெட்டிக்காரத்தனம். எதோடு வேண்டுமானாலும் கலக்கலாம், குடித்தது மூச்சில் தெரியாது என்ற ரீதியில் விளம்பரம் செய்தார்கள். 1940களில் இஞ்சி பியரோடு கலந்து 'மாஸ்கோ மியூல்' என்று செம்புக் குவளையில் கொடுத்தார்கள். பிறகு ஆரஞ்சு ஜூஸ், தக்காளி ஜூஸ். அமெரிக்க அரசாங்க விதியே பல பத்தாண்டுகளாக வோட்காவைத் தனித்த குணமோ மணமோ ருசியோ நிறமோ இல்லாத சாராயம் என்றுதான் வரையறுத்தது. அந்த வரியை 2020-இல்தான் நீக்கினார்கள்.

ஆக ஒரு பக்கம் தனியாகக் குடிக்க முடியாத அளவு ருசி உள்ள ஒரு சாறு. இன்னொரு பக்கம் ருசியே இல்லாத ஒரு சாராயம். 1945-இல் கூட்டுறவு அமைப்பு இரண்டையும் சேர்த்து வைத்து, கலவைக்கு 'ரெட் டெவில்' என்று பெயரும் வைத்தது. சிவப்புப் பிசாசு! கிரான்பெரியின் தேவையை விருந்து நாட்களுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த சமயத்தில் வோட்காவே பரவலாக இல்லை என்பதால் பிசாசு பெரிதாக யாரையும் பிடிக்கவில்லை :-)

அடி விழுந்தது 1959-இல். அந்த வருடம்தான் அமைப்பு தன் பெயரை ஓஷன் ஸ்ப்ரே என்றே மாற்றிக்கொண்டது. நவம்பர் 9-ஆம் தேதி, பண்டிகைக்குச் சரியாக 17 நாள் முன்பு, சுகாதாரத் துறைச் செயலர் ஆர்தர் ஃபிளெமிங் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஒரு அறிவிப்புச் செய்தார். ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலிருந்து வந்த கிரான்பெரியில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லியின் எச்சம் இருக்கிறது, அது எலிகளுக்குத் தைராய்டு புற்றுநோய் உண்டாக்கியது என்றார். அறுவடைக்குப் பிறகுதான் தெளிக்க வேண்டும் என்பது அந்த மருந்துக்கான விதி. சிலர் முன்னாலேயே தெளித்திருந்தார்கள். ஒரு இல்லத்தரசி நல்ல பழத்தை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று நிருபர்கள் கேட்டபோது, எங்கே விளைந்தது என்று தெரியாவிட்டால் வாங்காமல் இருப்பதே பத்திரம் என்ற பொருளில் பதில் சொன்னார். முடிந்தது கதை. கடைகள் அலமாரியிலிருந்து டின்களை இறக்கின. வெள்ளை மாளிகையிலேயே அந்தப் பண்டிகைக்கு ஆப்பிள் சாஸ்தான்.

தப்புச் செய்தது மேற்குக் கரையில் சிலர். ஆனால் மாசச்சூசெட்ஸ்காரருக்கும் விஸ்கான்சின்காரருக்கும் அதே தண்டனை. டின்னுக்குள் இருக்கும் பழத்துக்கு ஊர்ப்பெயர் ஏது? அதிபர் தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நிக்சனும் கென்னடியும் விஸ்கான்சினுக்குப் போனார்கள். நிக்சன் நாலு முறை கேட்டு வாங்கிக் கிரான்பெரி சாஸ் சாப்பிட்டார். கென்னடி இரண்டு டம்ளர் ஜூஸ் குடித்தார். ஓட்டுக்காகக் குடித்த பானம் அது. விவசாயிகளுக்கு அரசாங்கம் பிறகு நஷ்ட ஈடு கொடுத்தது.

இந்த அடியிலிருந்து அவர்கள் கற்ற பாடம், ஒரே ஒரு பண்டிகையை நம்பியிருந்தால் ஒரே ஒரு கெட்ட நவம்பர் போதும், எல்லாம் போய்விடும் என்பது. 1960களில் எட்வர்ட் கெல்ஸ்தார்ப் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். சாஸை ஓரமாக வைத்துவிட்டு ஜூஸை முன்னால் கொண்டுவந்தார். ஆப்பிள் சாறு கலந்த 'கிரான்-ஆப்பிள்' வந்தது. ரெட் டெவிலும் திரும்பி வந்தது, இம்முறை 'கேப் காடர்' என்ற கௌரவமான பெயரோடு. டிரேடர் விக்ஸ் உணவகங்களில் கிட்டத்தட்ட இதே கலவை 'ரங்கூன் ரூபி' என்று விலைபோனது. (ரங்கூனுக்கும் கிரான்பெரிக்கும் ஏழேழு ஜென்மத்துக்கும் சம்பந்தம் இல்லை. நிறம் மட்டும்தான் மாணிக்கக் கல்.) இம்முறை காலமும் ஒத்துழைத்தது. 1967-இல் அமெரிக்காவில் வோட்கா விற்பனை ஜின்னைத் தாண்டியது, 1976-இல் விஸ்கியையும் தாண்டியது.

அதே கலவையில் கொஞ்சம் கிரேப்ஃப்ரூட் சாறு சேர்த்தால் 'சீ பிரீஸ்'. அன்னாசிச் சாறு என்றால் 'பே பிரீஸ்'. ஆரஞ்சுச் சாறு சேர்த்தால் என்ன பெயர் தெரியுமா? 'மெட்ராஸ்'! நம்ம ஊர் மெட்ராஸேதான். ஆனால் ஊரைப் பார்த்து வைத்த பெயரல்ல, துணியைப் பார்த்து வைத்தது என்றே சொல்வார்கள். சாயம் போகும் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் பெரிய மோகமாக இருந்தது. துவைக்கத் துவைக்க ஒரு நிறம் இன்னொன்றில் இறங்கும், அதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். கீழே சிவப்பு, மேலே ஆரஞ்சு, நடுவில் இரண்டும் கலந்த நிறம் என்று டம்ளரில் நிற்பதைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான்.

வீட்டில் இதைச் செய்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஜூஸ் வாங்கும் இடத்தில். ஓஷன் ஸ்ப்ரேயின் 'கிரான்பெரி ஜூஸ் காக்டெயில்' பாட்டிலில் பழச்சாறு 27 சதவீதம்தான், மீதி தண்ணீரும் சர்க்கரையும். கேப் காடரின் அளவுகள் எல்லாம் அந்தப் பாட்டிலை மனதில் வைத்துப் போட்டவை. அதாவது புளிப்புக்கும் இனிப்புக்குமான சமநிலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. ஆரோக்கியம் என்று நினைத்து சர்க்கரை சேர்க்காத சுத்தச் சாற்றை வாங்கி அதே அளவு ஊற்றினால் வாய் கோணிக்கொள்ளும். சுத்தச் சாறுதான் கையில் இருக்கிறது என்றால் 30 மில்லி சாறு, 60 மில்லி தண்ணீர், 15 மில்லி சர்க்கரைப் பாகு (சம அளவு சர்க்கரையும் தண்ணீரும்) என்று கலந்துகொண்டால் கிட்டத்தட்ட அந்தப் பாட்டிலின் ருசி வந்துவிடும். பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ருசி பார்ப்பது நல்லது.

45 மில்லி வோட்காவுக்கு 90 மில்லி ஜூஸ் என்றால் சாராயத்தின் காரம் தெரியும். 120 மில்லி ஊற்றினால் அடங்கிவிடும், அதற்கு மேல் போனால் சர்க்கரைத் தண்ணீர். எலுமிச்சை அலங்காரத்துக்கு அல்ல. பாட்டில் ஜூஸின் இனிப்பை உடைப்பது அதுதான், எனவே பிழிந்துவிட்டுத்தான் போட வேண்டும். அவர்கள் 'லைம்' என்பது ஏறக்குறைய நம்மூர் எலுமிச்சைதான், தேடி அலைய வேண்டாம். ஐஸை இரண்டு துண்டு போட்டால் சீக்கிரம் உருகித் தண்ணீராகிவிடும். டம்ளர் நிறையப் போட்டால் மெதுவாக உருகும். விலை உயர்ந்த வோட்கா இதில் வீண்.

1988-இல் நியூயார்க்கின் 'ஓடியன்' உணவகத்தில் டோபி செக்கினி என்ற பார் ஊழியர் எலுமிச்சை வாசனை ஏற்றிய வோட்கா, குவான்ட்ரோ, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கிரான்பெரி சேர்த்துக் 'காஸ்மோபாலிட்டன்' செய்தார். (மயாமியில் செரில் குக் அதற்கு முன்பே செய்தார் என்ற கட்சியும் உண்டு.) 1998 முதல் 2004 வரை ஓடிய 'செக்ஸ் அண்ட் த சிட்டி' தொடரின் கதாநாயகிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்ததால் உலகம் முழுக்கப் பரவியது.

கிரான்பெரிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்க முடியாது. ஆனால் அதே வருடங்களில்தான் விவசாயிகள் மறுபடி மூழ்கினார்கள். 1990களின் நடுவில் 100 பவுண்டு கொண்ட ஒரு பேரல் 60 டாலருக்கு மேல் போனது. அதைப் பார்த்து எல்லோரும் புதுத் தோட்டம் போட்டார்கள். கொடி காய்க்கச் சில வருடங்கள் ஆகும், காய்க்க ஆரம்பித்தால் பல பத்தாண்டுகள் நிற்காது. 1999-இல் பழம் மலையாகக் குவிந்தது, விலை 20 டாலருக்கும் கீழே விழுந்தது. 2000, 2001 இரண்டு வருடமும் விற்பனைக்கு வரும் பழத்தின் அளவுக்கு அரசாங்கமே வரம்பு விதிக்க வேண்டி வந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பார் ஊழியர்களின் சர்வதேச சங்க அளவுப்படி ஒரு காஸ்மோபாலிட்டனில் கிரான்பெரி ஜூஸ் 30 மில்லி. 27 சதவீதம் என்றால் அதில் உண்மையான பழச்சாறு சுமார் 8 மில்லி, இரண்டு டீஸ்பூன் கூட இல்லை. யாரும் திரும்பிப் பார்க்காத பழைய கேப் காடரில் 120 மில்லி ஊற்றினால் 32 மில்லி.