உரிமம் பெற்ற மாணவர் நாடகங்களை இணையத்தில் பதிவேற்றுதல்

அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் நடிக்கும் பிராட்வே இசை நாடகங்கள் உரிம நிறுவனங்கள் வழியாகவே அவர்களுக்குக் கிடைக்கின்றன. 1952இல் தொடங்கிய மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல், 1830இல் தொடங்கிய சாமுவேல் பிரெஞ்ச் நிறுவனத்தை இன்று தன்னுள் கொண்ட கான்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் ஆகியவை இவற்றுள் பெரியவை. பள்ளி கட்டும் தொகைக்குக் கிடைப்பது, குறித்த நாள்களில் குறித்த அரங்கில் நடிக்கும் உரிமை மட்டுமே. அதைப் படம்பிடிப்பதும் யூடியூபில் ஏற்றுவதும் அதில் சேராது.

1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படியெடுத்தல், தழுவல், விநியோகம், பொதுவில் நிகழ்த்துதல் ஆகியவற்றைத் தனித்தனி உரிமைகளாகப் பிரிக்கிறது. 'காசு வாங்கவில்லையே' என்ற வாதம் இங்கே எடுபடாது. இலவச நிகழ்ச்சிகளுக்குச் சட்டம் தரும் விலக்கு நாடகப் படைப்புகளுக்குப் பொருந்தாது. வகுப்பறை விலக்கோ நேரடிக் கற்பித்தலோடு நின்றுவிடுகிறது.

உரிம நிறுவனங்களின் கெடுபிடிக்குப் பேராசை மட்டும் காரணமல்ல. ஒரு இசை நாடகத்தில் வசனகர்த்தா, பாடலாசிரியர், இசையமைப்பாளர், மூல நாவலாசிரியரின் வாரிசுகள் எனப் பலருக்கும் பங்குண்டு. திரைப்பட உரிமை ஏற்கெனவே ஏதேனும் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கலாம். தன் கையில் இல்லாததை உரிம நிறுவனம் எப்படிக் கொடுக்கும்? சில நாடகங்களுக்குக் கூடுதல் கட்டணத்தில் பதிவு அனுமதி உண்டு. ஆனால் அது வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கே, இணையத்தில் ஏற்றுவதற்கு அல்ல.

பதிவேற்றினால் பெரும்பாலும் முதலில் வருவது வழக்கல்ல, நீக்கக் கோரிக்கை. 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் மில்லினியம் பதிப்புரிமைச் சட்டம் அதற்கு வழி செய்தது. வழக்கென்று போனால், சட்டம் வரையறுத்த இழப்பீடு ஒரு படைப்புக்குப் பொதுவாக 750 முதல் 30,000 டாலர் வரை. வேண்டுமென்றே மீறியதாக நிரூபணமானால் 1,50,000 டாலர் வரை உயரலாம்.

வீடியோ வேறொன்றையும் காட்டிக்கொடுத்துவிடும். அனுமதியின்றி வெட்டிய பாடல், மாற்றிய வசனம், பிராட்வே மேடையிலிருந்து அப்படியே எடுத்தாண்ட நடன அமைப்பு எல்லாம் அதில் சாட்சியாக நிற்கும். நடன அமைப்பும் இயக்கமும் நாடக உரிமத்தில் பொதுவாகச் சேர்வதில்லை என்பது பல ஆசிரியர்களுக்கே தெரியாது.

2020இல் கொரோனாவால் அரங்குகள் மூடப்பட்டபோது, தேர்ந்தெடுத்த சில நாடகங்களுக்கு இணைய ஒளிபரப்பு உரிமங்கள் விற்பனைக்கு வந்தன. டிக்கெட் வாங்கியவர்கள் குறித்த காலத்துக்குள் பார்க்கலாம். யாரும் எப்போதும் பார்க்கும்படி விட்டுவைக்க அவை இடம் தரவில்லை. பதிப்புரிமை இன்று இல்லாத ஷேக்ஸ்பியரின் நாடகங்களுக்கும் கில்பர்ட்–சல்லிவன் இசை நாடகங்களுக்கும் இத்தடை இல்லை. அவற்றின் நவீனத் தழுவலை எடுத்தால் மட்டும், அதன் ஆசிரியரிடம் கேட்டாக வேண்டும்.