ஸ்மைக்கிலிருந்து ஹாரி வரை: வதைபட்ட சிறுவனும் வாசகர் கேட்கும் கணக்கும்

1838 டிசம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு சிறுவனுக்குப் பதில் கடிதம் எழுதினார். பையனின் பெயர் ஹேஸ்டிங்ஸ் ஹியூஸ். மாதத்துக்கு ஒரு பகுதியாக வெளிவந்துகொண்டிருந்த 'நிக்கலஸ் நிக்கல்பி'யில் யாருக்கு என்ன தண்டனை, யாருக்கு என்ன வெகுமதி என்று அவன் தீர்ப்பு எழுதி அனுப்பியிருந்தான். டிக்கன்ஸ் அதை அப்படியே ஏற்றுக்கொண்டதாகப் பாவித்து விளையாடுகிறார். பள்ளி நடத்தும் கொடியவன் ஸ்குவீர்ஸுக்குக் கழுத்தில் ஒரு அடியும் தலையில் இரண்டும் கொடுத்தாயிற்று, அவன் அழ ஆரம்பித்துவிட்டான் என்கிறார். பட்டினி கிடந்த சின்னப் பையன்களுக்குச் சொன்னபடி ஆட்டுக்கறி போட்டாயிற்று. கூடவே கொஞ்சம் மதுவும் ஊற்றியதில் ஒருவனுக்குப் புரையேறிவிட்டதாம், அவன் கொஞ்சம் பேராசைக்காரனாம்.

இந்தச் சின்னக் கடிதப் போக்குவரத்தை வெறும் வேடிக்கையாக ஒதுக்கிவிட முடியாது. அடிபட்ட குழந்தைக்குச் சோறு, அடித்தவனுக்கு அடி: வாசகன் எழுத்தாளரிடம் வைக்கும் கோரிக்கையின் இரு பாதிகளும் இதில் இருக்கின்றன. 2000-க்குப் பிறகு ஹாரி பாட்டர் ரசிகர்கள் எழுதிக் குவித்த புனைவுகளில், வீட்டில் வதைபடும் ஹாரியை ஆசிரியர் ஸ்னேப் மீட்டு வளர்க்கும் கதைவகை ஒன்று உண்டு. அதற்கு வந்த எதிர்வினைகளிலும் இதே இரண்டு கோரிக்கைகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. ஆனால் இரண்டு காலத்துக்கும் நடுவே ஒரு கேள்வி தலைகீழாகியிருக்கிறது. குழந்தையை மீட்க யாருக்கு உரிமை என்ற கேள்வி அது. இக்கட்டுரை அந்த மாற்றத்தைப் பின்தொடர்கிறது.

டிக்கன்ஸின் காலத்து விடை: இரத்த உறவுக்கு. 'நிக்கல்பி'யில் ஸ்மைக் என்ற ஊனமுற்ற இளைஞன், பெற்றவர் தேடி வராத பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தள்ளும் யார்க்‌ஷயர் பள்ளி ஒன்றில் கிடந்து தேய்கிறான். அவனை ஸ்குவீர்ஸ் அடிக்கும்போது, புதிதாக வேலைக்கு வந்த இளம் ஆசிரியன் நிக்கலஸ் குறுக்கே பாய்ந்து, அடித்தவனையே புரட்டியெடுக்கிறான். அதன்பின் ஸ்மைக் அவன் நிழலாகிறான். நியாயமாக இது போதும். டிக்கன்ஸுக்குப் போதவில்லை. ஸ்மைக் இறந்தபின் அவன் நிக்கலஸின் பெரியப்பா மகன் என்று தெரியவருகிறது. 'ஆலிவர் ட்விஸ்ட்'டிலும் இதே கதைதான்: ஆலிவரை ஆதரிக்கும் பிரௌன்லோ அவன் தந்தையின் பழைய நண்பர், அவனிடம் இரக்கம் காட்டும் ரோஸ் அவனுக்குச் சித்தி. அன்பு காட்டியவர் எல்லாரும் கடைசியில் சொந்தக்காரராகவே முடிகிறார்கள். அந்நியனின் கருணைக்குத் தனியாக நிற்க வலுவில்லை என்று நாவலாசிரியர் நினைத்தாரோ என்னவோ.

வாசகரும் ஒரே குரலில் பேசவில்லை. 'ஆலிவர் ட்விஸ்ட்' படித்து ஈர்க்கப்பட்ட விக்டோரியா மகாராணி, அதைப் பிரதமர் மெல்போர்னிடம் சிபாரிசு செய்தார். ஏழைகள் விடுதியும் திருட்டும் நிறைந்த அந்த உலகத்தை நிஜத்திலும் விரும்பவில்லை, எழுத்திலும் விரும்பவில்லை என்று மெல்போர்ன் முகம் சுளித்தார். குழந்தையின் வேதனையைப் படித்து இன்புறுவது சரியா என்ற சங்கடம் அன்றே தொடங்கிவிட்டது. இன்னொரு பக்கம், மூலக்கதை முடியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் இருந்தார்கள். எட்வர்ட் ஸ்டர்லிங் 1838 நவம்பரிலேயே அடெல்ஃபி அரங்கில் 'நிக்கல்பி'யை மேடையேற்றினார். ஸ்மைக்காக நடித்தவர் மேரி ஆன் கீலி என்ற நடிகை. தொடர் 1839 அக்டோபரில்தான் முடிந்தது. ஆகவே முடிவை நாடகாசிரியரே கட்ட வேண்டியிருந்தது. பிறர் படைத்த துயரச் சிறுவனுக்கு இன்னொருவர் முடிவு எழுதுவது ரசிகப் புனைவுக்கு நன்றாகவே மூத்தது.

பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளில் வாசகரின் கையில் புதிய சொற்கள் சேர்ந்தன. இங்கிலாந்தில் குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சட்டம் 1889-இல் வந்தது. அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் சகாக்களும் 1962-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, அடிபட்ட குழந்தையின் எலும்பு முறிவுகளை மருத்துவ அறிகுறிகளாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. 1986-இல் பிரிட்டனில் சைல்ட்லைன் தொலைபேசி உதவி தொடங்கியது. 1989-இன் சிறார் சட்டம், நீதிமன்றத்தின் முன் குழந்தையின் நலனே முதன்மை என்றது. விக்டோரிய வாசகர் கண்ணீர் விட்ட இடத்தில், நம் கால வாசகர் 'பள்ளி நிர்வாகம் ஏன் புகார் கொடுக்கவில்லை' என்று கேட்கிறார். அவருக்கு அந்தக் கேள்வியைக் கொடுத்தது இலக்கியம் அல்ல, சட்டமும் மருத்துவமும்.

ரசிகப் புனைவுக்குள்ளும் ஒரு மரபு இருந்தது. 1967-இல் வெளிவந்த 'ஸ்பாக்கனேலியா' முதல் ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் கையால் தயாரித்த இதழ்களில், ஒருவன் காயமுற மற்றவன் ஆறுதல் தரும் கதைகள் பெருகின. வாசகர் கடிதம் எழுதுவதுதான் அவற்றுக்கான கூலி. 1992-இல் இச்சமூகத்தைப் பற்றி நூல் எழுதிய காமில் பேக்கன்-ஸ்மித், இவ்வகைக் கதைகளை நெருங்கத் தமக்கே தயக்கம் இருந்ததைச் சொல்லி, பிறகு அவற்றை அச்சமூகத்தின் மையத்திலேயே வைத்துப் பேசினார். எழுதுபவரின் சொந்த வலிக்கும் இக்கதைகளுக்கும் உள்ள தொடர்பை அவர் மறைக்கவில்லை. ஆனால் அங்கே காயம்பட்டவரும் ஆற்றுபவரும் வளர்ந்தவர்கள், சமமானவர்கள். குழந்தை வந்ததும் கணக்கு மாறுகிறது.

1997-இல் வந்த முதல் ஹாரி பாட்டர் நூல் கொடுமையைச் சிரிப்போடு கலந்து சொல்கிறது. படிக்கட்டின் கீழ் உள்ள சிலந்தி அடைந்த பொந்தில் தூங்குவது, பெரியம்மா பெட்டூனியாவின் மகன் டட்லி போட்டுக் கழித்த தொளதொள சட்டைகள் எல்லாம் ரோல்ட் டாலின் மரபில் வரும் மிகைச் சித்திரங்கள். டாலின் 'மட்டில்டா'வில் (1988) அன்பான ஆசிரியை மிஸ் ஹனி, அவரே ஒருகாலத்தில் வதைபட்ட குழந்தை. கடைசியில் மட்டில்டாவைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார், இரத்த உறவு எதுவும் இல்லாமல். ஹாரி பாட்டரை எழுதிய ரோலிங் அந்த வாசலைத் திறக்கவில்லை. 1998-இன் இரண்டாம் நூலில் ஜன்னலுக்குக் கம்பி போட்டு ஹாரியைப் பூட்டிவைக்கிறார்கள். கதவின் அடியில் பூனை நுழையும் அளவு திறப்பு. அதன் வழியே ஒரு கிண்ணம் ஆறிப்போன சூப் வருகிறது. ஹாரி பாதியைக் குடித்துவிட்டு, அடியில் கிடக்கும் ஊறிய காய்கறியைத் தன் ஆந்தைக்குப் போடுகிறான். நண்பர்கள் வந்து கம்பியைப் பிடுங்கி அவனை அழைத்துப்போகிறார்கள். நண்பனின் தாயிடம் கம்பியையும் பட்டினியையும் சொல்லவும் செய்கிறார்கள். அடுத்த கோடையில் அவன் மறுபடியும் அதே வீட்டில் இருக்கிறான்.

அந்த ஆந்தைக்குப் போட்ட காய்கறிதான் மிகைச் சித்திரத்தைக் கிழித்தது என்பது என் எண்ணம். பசித்த பிள்ளை பங்கு வைத்துச் சாப்பிடுவதில் நகைச்சுவை ஏதும் மிஞ்சவில்லை. ரசிகர்கள் இதை நேரடிப் பொருளில் படித்தார்கள். நான்காம் நூலுக்கும் (2000 ஜூலை) ஐந்தாம் நூலுக்கும் (2003 ஜூன்) இடையே ஏறக்குறைய மூன்று ஆண்டு இடைவெளி. 1998-இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் அத்தியாயம் அத்தியாயமாகக் கதை போடவும், ஒவ்வொன்றின் கீழும் விமர்சனம் எழுதவும் இடம் தந்தது. மூல நூல் மௌனமாக இருந்த காலத்தில் ரசிகப் புனைவு பேசித் தீர்த்தது.

செவரிட்டஸ் என்ற புனைபெயரில் எழுதியவர் சக எழுத்தாளர்களுக்கு ஒரு சவால் விட்டார்: ஸ்னேப்தான் ஹாரியின் உண்மையான தந்தை என்று வைத்து எழுத வேண்டும். அந்தப் பெயரே கதைவகைக்கும் ஒட்டிக்கொண்டது. கனிவான ஆசிரியர் லூப்பினும் ஞானத்தந்தை சிரியஸும் இருக்க, ஹாரியை வெறுக்கும் ஸ்னேப்பை ஏன் பிடித்தார்கள்? பரிவுள்ளவன் பரிவு காட்டினால் அதில் கதை இல்லை. வெறுத்தவன் பூட்டிய அறைக்கதவைத் திறந்து பார்த்துத் தன் கணிப்பு பொய் என்று உணர்ந்தால், முப்பது அத்தியாயம் போகும். ஹாரி வளரும் டர்ஸ்லி வீட்டுக்கு ஒரு வேலையாக வரும் ஸ்னேப், வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவைக் கண்டு நிற்கும் காட்சி இவ்வகையில் திரும்பத் திரும்ப வந்தது. வாசகரும் அதற்காகவே காத்திருந்தார்கள்.

ஆரம்பகால எதிர்வினைகளில் பெரும்பான்மை அவசரக் குரல்கள்: சீக்கிரம் அடுத்தது போடுங்கள், பெரியப்பா வெர்னனை விடாதீர்கள். எழுதுபவர்கள் அத்தியாய முடிவில் ஒவ்வொரு வாசகரையும் பெயர் சொல்லி நன்றி கூறிப் பதில் தருவது வழக்கமாக இருந்தது. தளம் பிற்பாடு அதைத் தடுத்துத் தனிப் பதில் வசதி கொடுத்தது. அதுவரை கதையும் உரையாடலும் ஒரே பக்கத்தில் கலந்தே கிடந்தன. இன்னொரு வகை வாசகர் திருத்துபவர். பல வருடம் பட்டினி கிடந்தவன் முதல் நாளே வயிறு முட்டத் தின்ன மாட்டான், தலையணைக்கடியில் ரொட்டி பதுக்குவான். யாராவது சட்டென்று கை உயர்த்தினால் குனிவான். இரண்டே அத்தியாயத்தில் அணைத்துக்கொண்டு அழ மாட்டான் என்று அவர்கள் சொன்னார்கள். சிலர் அது தங்களுக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொன்னார்கள். அந்தச் சாட்சியங்களை நான் இங்கே எடுத்தாளவில்லை. புனைபெயரில் சக வாசகர்களை நம்பிச் சொல்லப்பட்டவை ஆய்வுக் கட்டுரைக்குத் தீனி ஆக வேண்டியதில்லை. அவற்றின் விளைவு மட்டும் கதைகளில் தெரிகிறது: மீட்பு ஓர் அத்தியாயத்தில் முடிவதும், ஆறுதல் நூறு பக்கம் நீள்வதும் இவ்வகையின் இலக்கணமாயிற்று.

ஐந்தாம் நூல் ரசிகர்களுக்கு ஒரே நேரத்தில் விருந்தும் அவமானமும். மனத்தைக் காக்கும் வித்தையைக் கற்பிக்கையில் ஸ்னேப் ஹாரியின் நினைவுகளைப் பார்க்கிறார். நாய் துரத்தி மரத்தில் ஏறிய சிறுவன், கீழே நின்று சிரிக்கும் குடும்பம். அவர் கேட்பது அந்த நாய் யாருடையது என்று மட்டுமே. பதிலுக்கு ஹாரி அவர் நினைவில் காண்பது: கத்தும் ஆண், ஒடுங்கும் பெண், மூலையில் அழும் சிறுவன். இருவரும் ஒருவர் காயத்தை ஒருவர் பார்த்துவிட்டு விலகுகிறார்கள். ரசிகப் புனைவு அந்த நாய்க் கேள்விக்கு அடுத்த கேள்வியைத் தானே கேட்டது.

அதே நூலில் தலைமையாசிரியர் டம்பிள்டோர், கடினமான பத்து ஆண்டுகளுக்குத்தான் ஹாரியை அனுப்புகிறோம் என்று தெரிந்தே செய்ததாக ஒப்புக்கொள்கிறார். காரணம் இரத்தம்: தாயின் தியாகம் தந்த பாதுகாப்பு, தாயின் உடன்பிறந்தவள் வீட்டில்தான் நிலைக்கும். கொடுமைக்குத் தத்துவம் கிடைத்துவிட்டது. இதன்பின் டம்பிள்டோரைச் சூழ்ச்சிக்காரராகக் காட்டும் கதைகள் ஒரு தனிக் கிளையாகவே வளர்ந்தன. கோபத்தின் பெரும்பங்கு வெர்னனிடமிருந்து தலைமையாசிரியர் பக்கம் திரும்பியது. செவரிட்டஸ் கதைகள் ஒருவகையில் அதே தர்க்கத்தால் பதில் சொன்னவை: உங்களிடம் பெரியம்மாவின் இரத்தம் என்றால் எங்களிடம் தகப்பனின் இரத்தம். அதிலிருந்து கிளைத்த செவிட்டஸ் என்ற வகை இந்தப் போட்டியையே கைவிட்டது. அங்கே ஸ்னேப் தந்தை அல்ல. பாதுகாவலர், தத்தெடுத்தவர், அல்லது வெறும் ஆசிரியர். டிக்கன்ஸுக்குத் தேவைப்பட்ட கடைசிநேர உறவுமுறை இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. இருவகையும் இன்றும் எழுதப்படுகின்றன என்றாலும், என் பார்வையில் இரண்டாவதே வலுவான கதைகளைத் தந்தது.

2007-இன் ஏழாம் நூல் இவ்வகையை முடித்துவைக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். பையன்மேல் பாசம் வந்துவிட்டதா என்று டம்பிள்டோர் கேட்க, ஹாரியின் தாய் லில்லியின் நினைவான பெண்மானையே ஸ்னேப் விடையாகக் காட்டுகிறார். பாசம் தாயின்மேல், பிள்ளைமேல் அல்ல. ஆனாலும் ஸ்னேப்பும் பெட்டூனியாவும் சிறுவயதிலேயே அறிமுகமானவர்கள் என்ற தகவல், அவர்களை நேருக்கு நேர் நிறுத்த எழுத்தாளர்களுக்குச் சாவி கொடுத்தது. முடிவுரையில் ஹாரி தன் மகனுக்கு ஆல்பஸ் செவரஸ் என்று இருவர் பெயரையும் சூட்டியது வாசகரைப் பிளந்தது. அனுப்பியவரும் அவமானப்படுத்தியவரும் ஒரே பிள்ளையின் பெயரில் கௌரவம் பெறுவதைப் பலரால் செரிக்க முடியவில்லை.

2009-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகப் புனைவுத் தளம் எதிர்வினையின் இடத்தையே மாற்றியது. சொல்லில்லாமல் பாராட்ட ஒரு பொத்தான், கதைக்கு முன்னால் குறிச்சொற்கள். கவனிக்க வேண்டியது, அத்தளத்தின் நான்கு முதன்மை எச்சரிக்கைகளில் குழந்தை வதை என்று தனியாக ஒன்று இல்லை. எழுதுபவர் விரும்பிச் சேர்க்கும் குறிச்சொல்லாகவே அது இருக்கிறது. பெரும்பாலும் சேர்க்கிறார்கள். படித்த பிறகு வந்த மெல்போர்ன் பாணிச் சங்கடம் இப்போது படிப்பதற்கு முன்னாலேயே பேசி முடிக்கப்படுகிறது.

இன்று விவாதம் சூடாகும் இடம் வேறு. மூன்றாம் நூலில் நெவில் என்ற மாணவனின் ஆழ்ந்த அச்சம் ஸ்னேப்தான். அவன் செய்த கஷாயத்தை அவன் வளர்க்கும் தேரைக்கே ஊற்றிப் பார்க்கிறார் ஆசிரியர். ஹாரியிடம் மட்டும் கனிந்த ஒருவர் மற்றப் பிள்ளைகளை அப்படியே நடத்தினால் அவர் வழிகாட்டியா, இல்லை தனக்கென ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்ட கொடுமைக்காரரா என்று வாசகர் கேட்கிறார்கள். இளமையில் பட்டது விளக்கமாகும், விலக்கு ஆகாது என்பது ஒரு தரப்பு. குறையற்ற மீட்பரை மட்டும் ஏற்போம் என்றால் மீட்கவே ஆள் இருக்காது என்பது எதிர்த்தரப்பு. எழுதுபவர்கள் இதைக் காதில் போட்டுக்கொண்டார்கள் என்பதற்குக் கதைகளிலேயே தடயம் இருக்கிறது. ஹாரியிடம் மன்னிப்புக் கேட்பதோடு பழைய கதைகள் முடிந்தன. பிற்காலக் கதைகள் சிலவற்றில் ஸ்னேப் வகுப்பறைக்கும் திரும்பி, நெவிலின் கொப்பரைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நெவில் மன்னிக்காமல் போகும் கதைகளும் உண்டு. அவற்றின் கீழேதான் வாசகர் மிக நீளமாக எழுதுகிறார்கள்.