வாளும் உறையும்: செஞ்சியில் ஒரு குன்றின் பெயர்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியர் கோட்டைகள் என்று சேர்த்த 12இல் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இனி காட்சிக்கூடம், விளக்கப் பலகை என்று பேச்சு எழும். அதற்கு முன் நாம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் எல்லோரும் சொல்வார்கள். நான்காவதாக ஒரு சிறு குன்று உண்டு. அதன் பழைய பெயர் சக்கிலி துர்க்கம். இன்னொரு பெயர் சமார் திக்ரி. இரண்டுமே தோல் தொழில் செய்த சாதிகளின் பெயர்கள். படைக்குச் செருப்புத் தைத்தவர்கள் அங்கே குடியிருந்திருக்கலாம் என்பார்கள்.

1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகை. உள்ளே ராஜாராம், வெளியே சுல்பிகார் கான். நமக்குச் சொல்லித்தந்தது அவ்வளவுதான். அத்தனை ஆண்டும் குதிரைக்குச் சேணம், வாளுக்கு உறை, காலுக்குச் செருப்பு தைத்த கைகள் யாருடையவை? கண்ணாடிப் பெட்டியில் வாளை வைப்பவர்கள் உறையைப் பற்றி எழுதுவதில்லை. உறை மட்கிவிடும், வாள் நிற்கும். அதுவும் ஒரு காரணம்தான்.

பெயர் இழிவாக ஒலிக்கிறதே, மாற்றிவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு சிலர் சொல்லக்கூடும். நாம் ஒப்பமாட்டோம். தொழிலின் பெயரை வசையாக்கியது சாதி. பெயரை அழித்தால் அந்த மக்கள் அங்கே இருந்ததற்கான தடமும் போய்விடும். 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு பெறவே அருந்ததியர் எவ்வளவு போராட வேண்டியிருந்தது! பழைய பெயரையும், அது வசையான கதையையும் பலகையில் எழுதுங்கள். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் அருந்ததியர் மக்களிடம் படித்துக் காட்டுங்கள்.