‘மாணவர் இல்லை’: கூத்தாஹியா இமாம் – கதீப் பள்ளி மூடப்பட்ட வரலாறு

ஒரு பள்ளிக்கூடத்தை மூடுவதற்கு அரசுகள் கூறும் காரணங்களுள் எளிதில் மறுக்கவியலாதது, ‘மாணவர் இல்லை’ என்பதாகும். வருகைப் பதிவேடு அதற்குச் சாட்சி சொல்லும். வெறுமையான வகுப்பறையும் சாட்சி சொல்லும். மேற்கு அனத்தோலியாவில், வண்ண ஓடுகளுக்குப் பெயர்பெற்ற கூத்தாஹியா நகரின் இமாம் – கதீப் பள்ளி 1930இல் இக்காரணத்தின் பேரிலேயே மூடப்பட்டது. உடன் இஸ்தான்பூல் பள்ளியும் மூடப்பட்டதால், துருக்கிக் குடியரசில் இமாம்களையும் கதீபுமார்களையும் உருவாக்கும் பள்ளி ஒன்றுகூட எஞ்சவில்லை. ஆறே ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய பள்ளிகள் 29 இருந்தன.

கூத்தாஹியா கல்விக்குப் புதிய ஊரன்று. ஜெர்மியான் சிற்றரசர் காலத்தில், 1314இல் எழுந்த வாஜிதிய்யா மத்ரஸா அங்கு இன்றும் தொல்பொருள் காட்சியகமாக நிற்கிறது. ‘சியாஹத் நாமா’ என்னும் பெரும் பயண நூலை யாத்த எவ்லியா செலெபியின் முன்னோர் ஊரும் அதுவே. ஆறு நூற்றாண்டு அறிவுப் பாரம்பரியம் உடைய ஓர் ஊரில் மார்க்கக் கல்வி கற்க ஆளில்லாமற் போயிற்று என்றால், அதன் காரணத்தை ஆராயாமல் கடந்து செல்வது முறையன்று.

உதுமானிய ஆட்சியின் கடைசி நாட்களில் மத்ரஸாக்கள் செழித்திருந்தன என்று நம்மவர் சிலர் எழுதுவதுண்டு. அது மிகை. படைச்சேவையிலிருந்து விலக்குப் பெறுவதற்காகப் பெயர் பதிந்தோர் பலர்; பாடத்திட்டம் உறைந்து கிடந்தது. இக்குறைகளை முதலில் உணர்ந்தவர்கள் உலமாக்களே. 1913இல் ‘மத்ரஸதுல் அயிம்மதி வல் குதபா’ என்ற பெயரில் இமாம்களுக்கெனத் தனிப் பயிற்சிக்கூடம் அமைந்தது. மறு ஆண்டு ஷைகுல் இஸ்லாம் கைரி எஃபெந்தி, இஸ்தான்பூல் மத்ரஸாக்களை ஒரே அமைப்பின்கீழ்க் கொணர்ந்து நவீன பாடங்களையும் சேர்த்தார். சீர்திருத்தம் வேர்விடுமுன் முதல் உலகப் போர் வந்துவிட்டது.

1924 மார்ச் 3ஆம் நாள் அங்காரா நாடாளுமன்றம் மூன்று சட்டங்களை இயற்றியது. கிலாஃபத்தை ஒழித்த சட்டத்தை நாம் அறிவோம். அதே நாளில் பிறந்த ‘தவ்ஹீதெ தத்ரீஸாத்’ சட்டத்தை அறிந்தோர் குறைவு. கல்விக்கூடங்கள் அனைத்தையும் ஒரே அமைச்சின்கீழ் ஒன்றாக்குதல் என்பது அதன் பொருள். (தவ்ஹீத் என்ற சொல்லை அவர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பது அரபி பயில்வோர்க்கு வியப்பாக இருக்கும்.) மத்ரஸாக்களை மூட வேண்டும் என்று அச்சட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை. கல்வி அமைச்சர் வாஸிஃப் பே அம்மாதத்திலேயே சுற்றறிக்கை வாயிலாக 400க்கும் மேற்பட்ட மத்ரஸாக்களை மூடினார். சட்டத்தின் 4ஆம் பிரிவோ, உயர் மார்க்க அறிஞர்களை உருவாக்க ஓர் இறையியல் புலத்தையும், இமாமத் பணிக்கென தனிப் பள்ளிகளையும் திறக்கும் பொறுப்பை அரசின்மீது சுமத்தியது. அவ்வாறு எழுந்தவையே இமாம் – கதீப் பள்ளிகள். தொடக்கக் கல்விக்குப் பின் நான்காண்டுப் படிப்பு. குர்ஆன், ஹதீஸ், அரபியோடு கணிதமும் புவியியலும் உண்டு. மாணவர் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது.

அடுத்து நிகழ்ந்ததைக் கணக்கே சொல்கிறது. 29 பள்ளிகள் 1924–25இல் 26 ஆயின, 1925–26இல் 20, 1926–27இல் இரண்டே இரண்டு. இருபதிலிருந்து இரண்டுக்கு ஒரே கல்வியாண்டில் இறங்கிய இந்த வீழ்ச்சியை மாணவரின் விருப்பமின்மை என்று மட்டும் கொள்வது எப்படி? பிள்ளைகள் சிறிது சிறிதாக விலகுவார்கள்; பதினெட்டு ஊர்களில் ஒருசேர மனம் மாறமாட்டார்கள்.

எனினும் மாணவர் குறைந்ததும் உண்மை. நான்காண்டு முடித்தவனுக்கு மேலே செல்லும் படிக்கட்டு கட்டப்படவில்லை. இறையியல் புலத்திற்கும் இப்பள்ளிக்கும் இடையில் உயர்நிலைப் படிப்பு ஒன்று வேண்டியிருந்தது, அது இல்லை. பணியமர்த்தல் உறுதியில்லை, இமாமின் ஊதியமோ அற்பம். ஷவ்வால் மாதத்தில் சேர்க்கைப் பதிவேட்டை விரித்துவைத்து அமரும் நம் அரபிக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இது விளக்க வேண்டாத செய்தி. மகனைச் சேர்க்க வரும் தந்தையின் முதற் கேள்வி பாடத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. முடித்தபின் என்ன என்பதே.

காலச் சூழலும் அச்சமூட்டியது. 1925இல் ஷைகு ஸயீத் கிளர்ச்சியை ஒட்டி அடக்குமுறைச் சட்டம் வந்தது. தர்காக்களும் தைக்காக்களும் மூடப்பட்டன. தொப்பிச் சட்டம் வந்தது. 1928 நவம்பரில் இலத்தீன் எழுத்து அரபி எழுத்தின் இடத்தைப் பிடித்தது. மறு ஆண்டில் அரபி, பாரசீகப் பாடங்கள் பொதுப் பள்ளிகளிலிருந்து நீங்கின. தெருப்பலகையில்கூட இல்லாத எழுத்தைத் தன் மகன் நான்காண்டு கற்கட்டும் என்று கூத்தாஹியாவின் ஓடு வனையும் தந்தை நினைப்பதற்குத் துணிவு வேண்டியிருந்தது.

உயர்கல்வியிலும் இதே கதைதான். இஸ்தான்பூல் தாருல் ஃபுனூனின் இறையியல் புலம் 1924இல் 284 மாணவருடன் தொடங்கி, 20 பேராகச் சுருங்கி, 1933இல் பல்கலைக்கழகச் சீரமைப்பில் மறைந்தது.

விளைவு ஒரு தலைமுறையில் தெரிந்தது. 1940களில் சிற்றூர்களில் ஜனாஸாவைக் குளிப்பாட்டித் தொழவைக்க ஆள் கிடைப்பதில்லை என்ற முறையீடு ஆளும் கட்சிக்குள்ளேயே எழுந்தது. 1947ஆம் ஆண்டு மாநாட்டில் மார்க்கக் கல்வி குறித்து விவாதித்தவர்கள் அப்பள்ளிகளை மூடிய அதே குடியரசு மக்கள் கட்சியினரே. 1949இல் பத்து மாதப் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. அங்காராவில் இறையியல் புலம் திறந்தது. அப்போதைய பிரதமர் ஷம்சுத்தீன் குனால்தாய், மூடப்பட்ட பழைய புலத்தின் பேராசிரியர் என்பது வரலாற்றின் விந்தை. 1951இல் அதனான் மெந்தரஸ் அரசு ஏழு நகரங்களில் இமாம் – கதீப் பள்ளிகளை மீண்டும் நிறுவியது. அந்த ஏழில் இஸ்தான்பூல் உண்டு, கூத்தாஹியா இல்லை.

பழைய உத்தி 1997இல் திரும்பி வந்தது. எட்டாண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தால் இப்பள்ளிகளின் நடுநிலைப் பிரிவுகள் மூடப்பட்டன. பல்கலைக்கழக நுழைவில் இவர்களது மதிப்பெண் வெட்டப்பட்டது. ஐந்து இலட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் தொகை சில ஆண்டுகளில் ஓர் இலட்சத்திற்கும் கீழே இறங்கியது. நடுநிலைப் பிரிவுகளை 2012ஆம் ஆண்டுச் சட்டம் மீட்டளித்தபின் தொகை பத்து இலட்சத்தைக் கடந்தது. அந்த ஏற்றத்தை மக்களின் மார்க்கப் பற்றுக்கு மட்டும் கணக்கெழுதுவதும் சரியாகாது. பொதுப் பள்ளிகள் பல இமாம் – கதீப் பள்ளிகளாக மாற்றப்பட்டதை எதிர்த்து, இஸ்தான்பூலின் சில பகுதிகளில் பெற்றோரே தெருவில் இறங்கினர்.