எட்டு முழ வேட்டிக்கு சைஸ் கிடையாது

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி, குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். திண்ணையில மூணு பார்சல் கிடந்துச்சு. காலேஜ் படிக்கிற மகள் போன்ல ஆர்டர் போட்ட குர்தி. மூணும் வேற வேற கம்பெனி, மூணுமே எக்ஸ்எல். ஒண்ணு தோள்லயே மாட்டிக்கிச்சு. ஒண்ணு சாக்கு மாதிரி தொங்குச்சு. ஒண்ணுதான் சரியா இருந்துச்சு.

"பத்தாததைத் திருப்பி அனுப்பிட்டு டபுள் எக்ஸ்எல் போடும்மா"ன்னு சாதாரணமாத்தான் சொன்னேன்.

"அவ்ளோ குண்டாவா இருக்கேன், அப்பா?"ன்னு கேட்டுட்டு உள்ளே போயிட்டா. அன்னைக்கு ராத்திரி ஒரு தோசையோட எழுந்திருச்சிட்டா. மறுநாளும் அப்படியே. தொங்குன குர்தியை அவ கணக்குலயே எடுத்துக்கலை, பத்தாத குர்தி சொன்னதைத்தான் நம்பினா. எனக்கு மனசு கேட்கலை. அந்த எக்ஸ்எல்லை யாரு வச்சா, எதை அளந்து வச்சாங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

எங்க அப்பா காலத்துல இந்தத் தொந்தரவு இல்லை. வேட்டின்னா நாலு முழம், எட்டு முழம். ஒல்லியான ஆளும் அதைத்தான் கட்டினார், தொந்தி போட்ட மிராசுதாரும் அதைத்தான் கட்டினார். புடவையும் அப்படித்தான். ஆளுக்கு ஏத்தபடி கொசுவம் கூடும், குறையும், அவ்வளவுதான். சட்டை, ரவிக்கை வேணும்னா டெய்லர்கிட்ட அளவுச் சட்டை, அளவு ரவிக்கை குடுப்போம். அவரு நோட்டுல அங்குலம் மட்டும்தான் எழுதுவார். உடம்புக்கு எந்தப் பட்டமும் குடுக்க மாட்டார்.

அளவெடுக்காமலே தைக்கிற ரெடிமேட் துணி பெரிய அளவில் தேவைப்பட்டது பட்டாளத்துக்கு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ஒரே சமயத்தில் யூனிஃபார்ம் தைக்க வேண்டியிருந்தது. ஆளாளுக்கு அளவெடுக்க நேரம் ஏது? சிப்பாய்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சில அளவுகள் சேர்ந்தே வருவது தெரிந்தது. மார்பு இவ்வளவு என்றால் இடுப்பு பெரும்பாலும் இவ்வளவு இருக்கும் என்று ஒரு ஒழுங்கு. போருக்குப் பிறகு ஆண்களின் ரெடிமேட் சைஸ் அதிலிருந்து வளர்ந்தது.

பெண்களை அப்படி யாரும் அளக்கவில்லை. மார்பளவை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் குத்துமதிப்பாக வெட்டினார்கள். அப்போது அமெரிக்காவில் சியர்ஸ் மாதிரி கம்பெனிகள் தலையணை கனத்துக்கு கேட்லாக் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பும். தூரத்துப் பண்ணையில் இருக்கிற குடும்பம் படத்தைப் பார்த்து ஆர்டர் போடும், துணி தபாலில் வரும். நம்ம ஆன்லைன் கதையேதான், போன் மட்டும்தான் இல்லை. பத்தாத துணி திரும்பிப் போனதும் அதே கதைதான்.

கடைசியில் அளக்க இறங்கியது யார் தெரியுமா? வேளாண்மைத் துறை! சிரிக்காதீங்க. அமெரிக்க வேளாண்மைத் துறைக்குள்ளே வீட்டுப் பொருளாதாரத்துக்கு என்று ஒரு பிரிவு இருந்தது. அங்கே வேலை பார்த்த ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் 1939–40இல் ஏறக்குறைய 15,000 பெண்களை அளக்க வைத்தார்கள். ஆளுக்கு 59 அளவுகள். 1941இல் அறிக்கை வந்தது.

இங்கேதான் ஒரு ஓட்டை. அளக்க வந்தவர்களுக்குச் சின்னதாகக் காசு கொடுத்தார்கள். பஞ்ச காலம் என்பதால் காசு தேவைப்பட்ட பெண்கள்தான் அதிகம் வந்தார்கள். வெள்ளையர் அல்லாத பெண்கள் வந்தால் அளந்துவிட்டு, கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிட்டார்கள். மண் பரிசோதனைக்கு வயலில் நாலஞ்சு இடத்தில் மண் எடுக்கச் சொல்வாங்க. ஒரே மூலையில எடுத்துட்டு மொத்த வயலுக்கும் உரம் எழுதினா என்ன ஆகும்? அதுதான் ஆச்சு.

1940களின் கடைசியில் தபால் விற்பனைக் கம்பெனிகளின் சங்கம், திரும்பி வருகிற துணியைத் தாங்க முடியாமல், இதைச் சரி பண்ணிக் கொடுங்கள் என்று அரசாங்கத்தின் தர நிர்ணய அலுவலகத்திடம் போனது. அந்த 1941 கணக்கைத் திரும்ப அலசித்தான் 1958இல் பெண்கள் துணிக்கு ஒரு தர அளவு வெளியானது. 8 முதல் 38 வரை எண்கள். உயரத்துக்குத் தனி எழுத்து, இடுப்புக்குக் கூட்டல், கழித்தல் குறி. ஆனால் கட்டாயம் கிடையாது, விரும்பினால் பின்பற்றலாம். 1970 வாக்கில் ஒருமுறை திருத்தினார்கள். 1983இல் அதையும் அரசாங்கம் விலக்கிக்கொண்டது.

அப்புறம் அவரவர் இஷ்டம்தான். பெரிய உடம்புக்குச் சின்ன எண்ணைப் போட்டால் வாங்குகிறவர் சந்தோஷப்படுவார் என்று கம்பெனிகள் கண்டுபிடித்தன. 1958 கணக்கில் 8ஆம் எண் என்றால் மார்பு 31 அங்குலம், இடுப்பு 23.5 அங்குலம். அரை நூற்றாண்டு கழித்து அதே 8ஆம் எண் சட்டை ஏறக்குறைய 5 அங்குலம் பெருத்துவிட்டது. கீழே எண் தீர்ந்துபோய் 0, அதுக்கும் கீழே 00 என்று இறங்கினார்கள்.

எங்க டெல்டாவுல 100 குழி ஒரு மா, சுமார் 33 சென்ட். அந்த 'மா' எவ்வளவுங்கிறதை நிலத்தை விக்கிறவனே முடிவு பண்ணிக்கலாம்னா யாராவது அட்வான்ஸ் குடுப்பாங்களா? துணியில நாம தினமும் குடுக்குறோம்.

திருப்பூர்ல செக்கிங் செக்‌ஷன்ல வேலை பாக்குற மச்சான்கிட்ட கேட்டேன். "நாங்க என்ன பண்றது மாமா, ஒவ்வொரு பையரும் அவனவன் மெஷர்மென்ட் சார்ட்டை அனுப்புறான். ஒரே டேபிள்ல காலையில தச்ச எம் வேற, மத்தியானம் தச்ச எம் வேற. அதுலயும் கொஞ்சம் முன்னபின்ன இருந்தா பாஸ் பண்ணிடுவோம்"ன்னார். பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும், அதனால வெட்டும்போதே கொஞ்சம் மாறும்னும் சொன்னார்.

நம்ம நாட்டுல நம்ம உடம்பை அளந்து வச்ச சைஸ் ரொம்ப காலம் இல்லவே இல்லை. இங்கிலாந்து, அமெரிக்கா அளவை வச்சே ஓட்டிட்டு இருந்தோம். நிஃப்ட் என்கிற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் 'இந்தியாசைஸ்' என்று ஒரு கணக்கெடுப்பை ஆரம்பித்தது. ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரை, 25,000 பேரை ஸ்கேனர் வைத்து அளப்பது திட்டம். நல்ல காரியம். ஆறுமே நகரம்தான். நாத்துக்கட்டு தூக்கின தோளுக்கும் ஏசியில உக்காந்த தோளுக்கும் வித்தியாசம் உண்டுன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

தர அளவு வந்தாலும் கம்பெனிக்காரன் கேப்பானாங்கிறது வேற விஷயம். அதுவரைக்கும் வழி ஒண்ணுதான், டெய்லர் வழி. நல்லாப் பொருந்துற ஒரு சட்டையைத் தரையில சுருக்கம் இல்லாம விரிச்சு, ஒரு அக்குள்ல இருந்து மறு அக்குள் வரைக்கும் டேப் பிடிங்க. வந்ததை ரெண்டால பெருக்குங்க. தோள், உயரம், கை மூணையும் குறிச்சுக்குங்க. அந்த ஆன்லைன் பக்கத்துல இருக்கிற அட்டவணை உடம்பு அளவா, துணி அளவான்னு பாருங்க. உடம்பு அளவுன்னா துணியில அதுக்கு மேல ரெண்டு, மூணு அங்குலம் தளர்ச்சி இருக்கணும். எழுத்தைப் பாக்கவே வேண்டாம்.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். முழுசாக் கேட்டாளான்னு தெரியலை. ஆனா அவங்கம்மா தையல் பெட்டியில இருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, சரியா இருந்த குர்தியைத் திண்ணையில விரிச்சு அளந்தா. அளவை நோட்டுல எழுதி வச்சுட்டு, லேபிளைக் கத்திரிச்சுப் போட்டா. அன்னைக்கு மூணு தோசை சாப்பிட்டா.