வகுப்பறைக் கற்றலில் பார்வைத் திறன்கள்

பார்வைத் திறன்கள் என்பவை கண் வழியே பெறும் தகவலைத் தெளிவாக உள்வாங்கவும், அதனை மூளை பொருள்கொள்ளவும் உதவும் திறன்களின் தொகுதியாகும். பள்ளிக் கல்வியில் கரும்பலகையும் பாடநூலும் முதன்மை இடம் பெறுவதால், இவற்றில் ஏற்படும் குறைபாடு கற்றலைப் பாதிக்கிறது.

கூறுகள்

- பார்வைக் கூர்மை: தொலைவில் உள்ள எழுத்தைப் பிரித்தறிதல். கிட்டப்பார்வை உடைய மாணவருக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரியும்.
- குவியத் தகவமைப்பு: பலகையிலிருந்து குறிப்பேட்டுக்குப் பார்வையை மாற்றும்போது கண்வில்லை தன் வடிவை மாற்றிக்கொள்ளுதல்.
- இருகண் ஒருங்கிணைவு: இரு கண்களும் ஒரே புள்ளியை நோக்குதல்.
- வடிவ வேறுபாடு அறிதல்: ப-ய, எ-ஏ போன்ற ஒத்த வடிவங்களைப் பிரித்தறிதல்.

அறிகுறிகள்

நூலை முகத்தருகே வைத்துப் படித்தல், கண்ணைச் சுருக்குதல், தலையைச் சாய்த்தல், வரி தவறுதல், பலகையைப் பார்த்துப் பிழையாக எழுதுதல் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. பிறவியிலிருந்தே அவ்வாறு காணும் குழந்தை, அனைவருக்கும் உலகம் அப்படியே தெரிகிறது என எண்ணுவதால் பெரும்பாலும் முறையிடுவதில்லை. இதனால் அக்குழந்தை கவனமற்றது எனத் தவறாகக் கருதப்படலாம். சோம்பல் கண் எனப்படும் குறைபாட்டுக்கு இளவயதிலேயே சிகிச்சை அளிப்பது அதிகப் பலன் தரும்.

ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரம்

2004 இல் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிருட்டிணகிரி மாவட்டம் கருநாடக எல்லையில் உள்ளது. தொழில் நகரமான ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் வழங்குகின்றன. தெலுங்கு, கன்னட எழுத்துகள் வடிவில் மிகவும் ஒத்தவை. எனவே இரண்டையும் கற்கும் குழந்தை நுண்ணிய வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டியுள்ளது. இத்தகைய பன்மொழிச் சூழலில், எழுத்தறியாத குழந்தைகளையும் சோதிக்க ஆங்கில 'ஈ' எழுத்தைப் பல திசைகளில் காட்டும் அட்டை ஏற்றது. குழந்தை திசையைக் கையால் காட்டினால் போதும்.

அரசுத் திட்டங்கள்

தமிழ்நாட்டில் 2009 இல் கண்ணொளி காப்போம் திட்டம் தொடங்கப்பட்டது. இதன்வழி பள்ளி மாணவருக்குக் கண் பரிசோதனை செய்து இலவச மூக்குக்கண்ணாடி வழங்கப்பட்டது. 2013 இல் தொடங்கிய இராட்டிரிய பால சுவாத்திய காரியக்கிரமம் என்னும் நடுவண் அரசுத் திட்டத்தில் பார்வைக் குறைபாடு, கற்றல் குறைபாடு ஆகிய இரண்டும் இடம்பெற்றுள்ளன. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளே இதன் பரிசோதனை வரம்பில் உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் இப்பரிசோதனை, வேலை தேடி இடம்பெயரும் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தவறிப்போக வாய்ப்புண்டு.

ஆய்வும் கருத்து வேறுபாடும்

மேற்குச் சீனாவில் சுமார் 20,000 தொடக்கப்பள்ளி மாணவரிடையே நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், இலவசக் கண்ணாடி கணிதத் தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தியது தெரியவந்தது. எனினும் எழுத்துமயக்கம் கண்ணால் தோன்றுவதன்று; அது மொழியொலிகளைக் கையாள்வதில் உள்ள இடர்ப்பாட்டோடு தொடர்புடையது. கண்பயிற்சி அதனைப் போக்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை என 2009 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ, கண் மருத்துவ அமைப்புகள் கூட்டாக அறிவித்தன. ஆகவே படிப்பில் பின்தங்கும் குழந்தைக்கு முதலில் கண் பரிசோதனை செய்வதும், பார்வை சீராக இருப்பின் கற்றல் குறைபாட்டுக்கான தனி மதிப்பீட்டை நாடுவதும் பொருத்தமான முறையாகும்.